ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னவர்

சிகரெட்டை அணை என்று அந்த அம்மா யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. புகைத்துக்கொண்டிருக்கிறவருக்கு முன்னால் போய் நிற்பார். டிபன் பையைத் தோளில் ஏற்றிக்கொள்வார். "ஐயா, ஒரு நிமிஷம். ஒரு கண்ணக் கையால பொத்திக்கிட்டு அந்த பஸ்ஸு போர்டப் படிங்க" என்பார். படித்து முடித்ததும், "இப்ப அடுத்த கண்ணு" என்பார். இரண்டிலும் சரியாகப் படித்துவிட்டால், "நல்லா இருக்குது. பத்திரமா வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

நான் அப்போது சிதம்பரம் - கடலூர் தடத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். 2006ஆம் வருஷம் என்று நினைக்கிறேன், அந்த அம்மா எங்கள் பஸ்ஸில் தினமும் வர ஆரம்பித்தது. காலையில் சிதம்பரத்தில் ஏறுவார். கடலூரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போடும் வேலை. ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு, கடையில் கொடுத்த ஊதா நிறச் சேலை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த கால் சாயங்காலம் வீங்கியிருக்கும். ஜன்னலோர இடம் கிடைத்தால் அப்பாடா என்று உட்கார்வார். அந்த நேரம் படிக்கட்டில் நின்று எவனாவது பற்றவைத்தால் போதும், இடத்தை விட்டு எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் போய்விடுவார். திரும்பி வரும்போது இடம் போயிருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

பெயர் எனக்குத் தெரியும். அவர் இருந்திருந்தால் எழுத வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார், அதனால் விட்டுவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் நாங்கள் வைத்திருந்த பெயர் 'கண் டெஸ்ட்டு'. "டேய், கண் டெஸ்ட்டு வருது" என்று ஒருத்தர் குரல் கொடுத்தால் நாலு கைகள் முதுகுக்குப் பின்னால் போகும். கேலி பாதி, பயம் பாதி.

பயம் ஏன் என்று கேட்டால், அந்தக் கேள்வி அப்படி. நெஞ்சு கெடும், புற்று வரும் என்று யாராவது சொன்னால், தாத்தா எண்பது வயசு வரைக்கும் சுருட்டுக் குடித்தார் என்று பதில் சொல்லிவிடலாம். ஒரு கண்ணை மூடிப் பார் என்றால் என்ன பதில் சொல்வது? மூடிப் பார்க்க வேண்டும். பார்த்து, தெரியாமல் போய்விட்டால்? அந்தப் பயத்தை மறைக்கத்தான் கத்துவார்கள்.

புவனகிரியில் ஏறிய ஒரு பெரிய மனிதர், வெள்ளை வேட்டி, தங்க மோதிரம், பாதி சிகரெட்டை அந்த அம்மாவின் காலடியில் எறிந்தார். "போயி உன் புருஷனுக்குப் பாரு டெஸ்ட்டு" என்றார்.

"பாத்தேங்க. அவருக்கு போர்டே தெரியல" என்றார் அந்த அம்மா.

குரலில் கோபம் இல்லை. அதனாலேயோ என்னவோ, அந்த மனிதர் கடலூர் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

புருஷன் கதையை அந்த அம்மா எனக்குச் சொன்னது, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் டயர் வெடித்து நாங்கள் ரோட்டில் நின்ற ஒரு மத்தியானம். புருஷன் ஒரு ரைஸ் மில்லில் மேஸ்திரி. பீடி ஓயாது. ஒருநாள் காலையில் காப்பியை நீட்டியபோது, "ஏன்டி, உன் மூஞ்சி இருக்க எடத்துல கருப்பா இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். சுற்றிலும் கூரை தெரிகிறது, கதவு தெரிகிறது, நடுவில் முகம் மட்டும் இல்லை. பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு கண் எப்போதோ போய்விட்டது, இப்போது அடுத்தது என்றாராம். வயது ஒரு காரணம், பீடி ஒரு பெரிய காரணம் என்றாராம்.

"எப்பவோ போச்சுன்னாரு தம்பி. எனக்கும் தெரியல, அவருக்கும் தெரியல. ஒரு கண்ணு போனா இன்னொரு கண்ணு அதுக்கும் சேத்துப் பாத்துக்குமாம். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒத்தக் கண்ண மூடிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். பீடி கண்ணுக்கு ஆவாதுன்னு யாருய்யா சொன்னாங்க எங்களுக்கு? நெஞ்சுக்கு ஆவாதுன்னாங்க. சரி, இருமுனா பாத்துக்கலாம்னு இருந்துட்டோம்."



ஒரு தடவை இது பலித்ததை நான் நேரில் பார்த்தேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் ஒருவர். சிரித்துக்கொண்டே வலது கண்ணைப் பொத்தினார், சிரிப்பு அப்படியே நின்றது. கையை எடுத்தார், மறுபடி பொத்தினார். "யம்மா, பனி மாரி இருக்குதே" என்றார். வேறு யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த அம்மா மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார். புரை என்றார்கள், வெட்டி எடுத்தார்கள், பார்வை வந்துவிட்டது. சிகரெட் குடிக்கிறவர்களுக்கு அதுவும் சீக்கிரம் வருமாம். அதற்குப் பிறகு அந்தப் பூக்காரர் அந்த அம்மாவைக் கண்டால் ஒரு முழம் மல்லி நீட்டுவார். சில நாள் வாங்கிக்கொள்வார்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பஸ்ஸின் டிரைவர் என் சொந்த அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். வலது கை ஸ்டியரிங்கில், இடது கை விரலிடுக்கில் சிகரெட். ஒன்று முடியும் நெருப்பிலேயே அடுத்தது. அந்த அம்மா அவரிடம் மட்டும் கேட்கவில்லை. ஓட்டுகிற ஆளைக் கலைக்கக் கூடாது என்று விட்டிருந்தார். ஆனால் முன் சீட்டில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டு வருவார். மாமாவுக்கு அது பிடிக்காது. "மச்சான், அந்த அம்மாவப் பின்னாடி உக்கார வையேன். முதுவுல ஊசி குத்துற மாரி இருக்குது" என்பார்.

ஒரு வருஷம் ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஆலப்பாக்கம் தாண்டிக் காலை நேரம். தலையில் மீன் கூடையோடு ஒரு பெண் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். பாதி ரோட்டுக்கு வந்துவிட்டாள். பஸ் வேகம் குறையவில்லை. முன்னால் இருந்தவர்கள் கத்தினார்கள், நான் விசிலை ஊதினேன், மாமா பிரேக்கை மிதித்தார். பஸ் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. கூடை கீழே விழுந்து மீனெல்லாம் ரோட்டில் சிதறிக் கிடந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள், அவ்வளவு பக்கம்.

"பாத்தேன், பாத்தேன்" என்றார் மாமா, யாரும் கேட்பதற்கு முன்பே.

அந்த அம்மாவின் முகம் மாறியது. இறங்கும்போது என் காதருகே சொன்னார்: "எங்க வீட்டுக்காரரும் இதேதான் சொல்வாரு தம்பி. செவுத்துல போயி முட்டிக்கிட்டு, பாத்தேன் பாத்தேன்னு."

சாயங்காலம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிறைந்திருந்தது. எடுக்க வேண்டிய நேரம். தூறல். மாமா ஹாரன் அடித்தார். நகரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேர் முன்னால், பம்பரை ஒட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா நின்றிருந்தார்.

"டயம் ஆச்சு, எடுங்கய்யா!" என்று டைம் கீப்பர் சத்தம் போட்டார். பின்னால் இருந்த பஸ்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"ஐயா எறங்கி வந்து போர்டப் படிக்கட்டும். அப்பறம் எடுக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

வண்டிக்குள் கொதித்தார்கள். "வூட்டுல புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குது, இதுக்கென்ன பைத்தியமா?" என்றாள் ஒருத்தி. ஓர் ஆள் இறங்கிப் போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். குடை உருண்டு போனது. கீழே விழப் போனவர் ஹெட்லைட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி அதே இடத்தில் நின்றார். காலையில் வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் வண்டியில் இருந்தார்கள். அவர்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மாமா கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினார். "இன்னா வேணும் உங்களுக்கு? டெஸ்ட்டுதான? நடத்துங்க. நடத்திட்டு வழிய வுடுங்க."

"எடது கண்ணப் பொத்துங்க ஐயா."

பொத்தினார். எதிர் வரிசையில் நின்ற பஸ்ஸைக் காட்டினார் அந்த அம்மா. "நெல்லிக்குப்பம், பண்ருட்டி" என்று உரக்கப் படித்தார் மாமா. ஜன்னல்களிலிருந்து விசில் அடித்தார்கள், கை தட்டினார்கள்.

"இப்ப வலது."

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "நெல்லிக்குப்பம், பண்ருட்டி" என்றார். மறுபடியும் கைதட்டல்.

"அது இல்லங்க. அதுக்குப் பக்கத்து வண்டி."

மாமா தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார், கொஞ்சம் வலது பக்கம். "வடலூர்" என்றார். போர்டில் திருக்கோவிலூர் என்று இருந்தது. ஒருவன் சிரித்தான். கூட யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான்.

"மழ… கண்ணுல தண்ணி" என்றார் மாமா.

அந்த அம்மா முந்தானையை நீட்டினார். "தொடச்சிட்டுப் பாருங்க. அவசரமில்ல."

அத்தனை பேர் முன்னால் மாமா அந்தச் சேலைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி வலது கண்ணைப் பொத்தினார். பொத்திய கையை எடுக்கவே இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எழுத்து இருக்க எடத்துல ஒண்ணுமே இல்லடா மச்சான்" என்றார்.

அடுத்த நொடியே விறுவிறுவென்று ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அந்த அம்மா தடுக்கவில்லை. ஓரமாகப் போய்க் குடையை எடுத்துக்கொண்டு நின்றார். வழி விட்டாயிற்று. வண்டி நகர வேண்டுமென்றால் நான் இரண்டு விசில் கொடுக்க வேண்டும்.

விசில் என் வாயில் இருந்தது. என் அக்காவை நினைத்தேன், வயசுக்கு வந்த மூன்று பெண் பிள்ளைகளை நினைத்தேன். பம்பரில் ஊன்றியிருந்த அந்த மீன்காரியின் கை கண்ணுக்குள் வந்தது. விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

"ஊதுடா" என்றார் மாமா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊதுடா மச்சான். வண்டியில ஆளு உக்காந்திருக்குது."

முதலில் இறங்கியது காலையில் வந்தவர்கள். பிறகு ஒவ்வொருவராக, மாமாவின் பக்கம் பார்க்காமல், பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இறங்கியவர்களின் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் மாமா இன்ஜினை நிறுத்தினார். அன்றைக்கு வேறு டிரைவர் வந்து வண்டியை எடுத்தார். மாமா, அவர் வீடு இருந்த புதுச்சத்திரம் வரைக்கும் பயணி சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

பாண்டிச்சேரி டாக்டர், இடது கண்ணின் நடுப்பார்வை போனது போனதுதான் என்றார். வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, இன்றோடு புகையை விட்டால் அது நிற்கலாம், விடாவிட்டால் யாராலும் உறுதி சொல்ல முடியாது என்றார். மாமாவின் டிரைவர் வேலை அதோடு முடிந்தது. சிகரெட் அதோடு முடியவில்லை. விட்டார், பிடித்தார், கொல்லைப்பக்கம் ஒளிந்து குடித்தார், பெரிய பெண்ணிடம் மாட்டிக்கொண்டு அழுதார், மறுபடி விட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது அந்தப் போராட்டம்.

என் அக்கா என்னை மன்னித்தாள். தம்பியாயிற்றே. அந்த அம்மாவை மன்னிக்கவில்லை. ஒருநாள் நேராகக் கடலூர் ஜவுளிக் கடைக்கே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். வாடிக்கையாளர்கள் நிறைந்த நேரம்.

"அத்தினி பேரு எதுக்க அவர அசிங்கப்படுத்திட்டியே, தனியாக் கூப்ட்டுச் சொல்லக் கூடாதா? ஒரு நாள்ல என் குடும்பத்த ரோட்டுல நிறுத்திட்டியேடி!"

அந்த அம்மா பிரித்துப் போட்டிருந்த சேலையை மடித்துக்கொண்டே இருந்தார். "தனியாச் சொன்னா கேக்க மாட்டாங்கம்மா. நான் சொல்லிப் பாத்தவ" என்றார். சற்றுப் பொறுத்து, "திட்டுங்க. நான் எங்கியும் போவல" என்றார்.

என் அக்கா திட்டினாள். கடை முதலாளி வந்து சத்தம் போட்டபோது அந்த அம்மா, "எனக்குத் தெரிஞ்சவங்கதான், வுடுங்க" என்றார். அடுத்த மாதமே அவரை மாடியில் ஸ்டாக் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் எங்கள் பஸ்ஸில்தான் வந்தார். தினமும் டிக்கெட் வாங்கும்போது, "மாமா சாப்டாரா?" என்று மட்டும் கேட்பார். அந்த வழக்கம் நிற்கவில்லை. போர்டு வழக்கமும் நிற்கவில்லை.

பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்த வருஷம், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். கறுத்துப்போன நுரையீரல் படம். அந்த அம்மா பக்கத்தில் போய் நின்று முழுவதும் படித்துவிட்டு, "கண்ணு படம் எங்கய்யா?" என்று கேட்டார்.

"கண்ணா? அது வேற டிபார்ட்மெண்ட்டும்மா" என்றார் அவர், பசையைத் தடவிக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாவுக்கு வரவில்லை. பஸ் ஏறும்வரை அந்தப் படத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2011இல் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மாரடைப்பில் இறந்துபோனார். மாமாவுக்கு நான் போன் செய்தேன், வருவார் என்று நினைத்து அல்ல. "நானும் வரேன்" என்றார். பஸ் ஸ்டாண்டில் நடந்த அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அந்த அம்மாவிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்காவிடம் சொல்லாமல் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

சாவு வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வழக்கம்போல ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பீடிக்கட்டு. உட்கார்ந்திருந்த ஆண்களில் பாதிப் பேர் அந்த அம்மாவின் கேள்விக்கு எப்போதோ ஆளானவர்கள். ஒருவரும் பீடியைத் தொடவில்லை. அந்த அம்மா எழுந்து வந்துவிடுவாரோ என்று உள்ளே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

தூக்கப் போகும் நேரத்தில் இறந்தவரின் தம்பி ஒரு கட்டுப் பீடியும் தீப்பெட்டியும் கொண்டுவந்து உடம்புக்குப் பக்கத்தில், வலது கையை ஒட்டி வைத்தார். "அண்ணனுக்கு இதுன்னா உசுரு" என்று குரல் உடைந்து அழுதார்.

எல்லாரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் மெல்லக் கையை ஊன்றி எழுந்தார். தூக்கி எறியப் போகிறார், சண்டை வரப் போகிறது என்று நினைத்தேன். பீடிக்கட்டை அவர் தொடவில்லை. தீப்பெட்டியை மட்டும் எடுத்தார்.

"இது வேணாம் கொழுந்தனாரே. இவருக்குப் பத்த வைக்கத் தெரியாது" என்றார். "நெருப்பு எங்க இருக்குது, பீடி எங்க இருக்குதுன்னு இவருக்குத் தெரியாது. வெரல் வெந்துது. மீச கருவிச்சு. ஒரு தடவ பாயே எரிஞ்சுது. ஒளிச்சு வெச்சுப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், பட்டினி கெடந்து பாத்தேன். வுடல. வூடு எரிஞ்சிடப் போவுதுன்னு இத்தினி வருஷமா நான்தான் பத்த வெச்சுக் குடுத்தேன். நான்தான். ஒவ்வொண்ணும்."

ஊரில் எத்தனையோ பேர் வாயிலிருந்த சிகரெட்டை நிறுத்திய அந்தப் பெண்மணி, வீட்டுக்குப் போய் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தினமும் டிக்கெட் கிழித்துக் கொடுத்த எனக்கும் தெரியாது.

தீப்பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கை அந்தரத்தில் நின்றது. மாமா தூணை விட்டுவிட்டு உள்ளே போனார். வாசற்படியை ஒரு கணம் காலால் துழாவிவிட்டு ஏறினார். கையை நீட்டி, "குடுங்கம்மா" என்றார்.

கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். புவனகிரிப் பாலம் தாண்டியது. பிறகு, "உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்டா" என்றார்.

என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் காலை முதல் நடையில் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தேன். புதுச்சத்திரத்தில் என் அக்கா, பெரிய தூக்குவாளியில் சோறும் குழம்புமாக, சிதம்பரத்துக்கு ஏறினாள்.